பழைய ஃபைபர் படகில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சிக்கு ‘டிரைட்டன்’ என்ற புதிய பாய்மரப் படகு வந்தது. நீளம் 28 அடிக்குச் சற்று அதிகம். வடிவமைத்தவர் கார்ல் ஆல்பெர்க். கட்டியவர்கள் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரைச் சேர்ந்த கிளிண்டன் பியர்சனும் எவரெட் பியர்சனும். மரப் பலகை ஒன்றுகூட இல்லாமல், கண்ணாடி இழையையும் ரெசினையும் அச்சில் வார்த்து எடுத்த உடல். கண்காட்சி முடிவதற்குள் 17 பேர் ஆர்டர் கொடுத்தார்கள். அறுபதுகளின் இறுதிக்குள் சுமார் 700 டிரைட்டன்கள் தண்ணீரில் இறங்கிவிட்டன.

அதற்கு முன் படகு வைத்திருந்தவர்களின் வசந்த காலம் பெரும்பாலும் வேலையிலேயே கழியும். மரப் படகைக் கரையேற்ற வேண்டும், பலகை இடுக்குகளில் பருத்தி இழையைத் திணித்துக் கலப்பற்று அடைக்க வேண்டும், வண்ணம் பூச வேண்டும். ஃபைபர் படகில் பலகையும் இல்லை, இடுக்கும் இல்லை. இனி ஒழுகலே இருக்காது என்று வாங்கியவர்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையில் பாதி பலித்தது. புதிய பொருளின் வலிமை சரிவரத் தெரியாத அந்தக் காலத்தில் உடல்பகுதியைத் தாராளமான கனத்தில் வார்த்தார்கள். அறுபது ஆண்டு கடந்தும் அது திடமாக இருக்கிறது. ஆனால் மழை பெய்தால் உள்ளே படுக்கை நனைகிறது, அலமாரியில் பூசணம் பிடிக்கிறது. தண்ணீர் கீழே கடலிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் மேலே இருந்து, மேல்தளம் வழியாகத்தான் வருகிறது.

காரணம், நாம் போட்ட துளைகள். கயிறு கட்டும் கொண்டி, கயிறு இழுக்கும் வின்ச், ஓரக் கம்பியைத் தாங்கும் கால்கள், ஜன்னல் சட்டம், கைப்பிடி என்று மேல்தளத்தில் பொருத்திய ஒவ்வொன்றும் போல்ட் போட்டு முடுக்கியது. சிறிய படகிலேயே இப்படி நூற்றுக்கு மேற்பட்ட துளைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் அடைத்திருந்த சீலன்ட் வெயிலிலும் அசைவிலும் காய்ந்து விட்டுப்போகிறது. ஏறி இறங்குபவர்கள் எல்லோரும் ஓரக் கம்பியைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். அதைத் தாங்கும் காலின் அடியில் ஒழுகல் முதலில் தொடங்குவதில் வியப்பில்லை.

உள்ளே சொட்டுவதைக் காட்டிலும் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. அக்காலப் படகுகள் பலவற்றின் மேல்தளம் மூன்று அடுக்கு: மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பால்சா மரக் கட்டைகள். எக்குவடோரில் விளையும் பால்சா மிக லேசானது. இந்த அடுக்கமைப்பால் தளம் எடை குறைந்தும் விறைப்பாகவும் இருக்கும். போல்ட் துளை வழியே இறங்கும் நீர் அந்தக் கட்டைகளை ஊறவைத்துக் கூழாக்குகிறது. ரோட் ஐலண்ட் போன்ற குளிர்ப் பகுதியில் ஊறிய நீர் பனிக்காலத்தில் உறைந்து விரிந்து, தோலையும் மரத்தையும் பிரித்தே விடும். பிறகு நடந்தால் தளம் காலுக்கடியில் அமுங்கும்.

பழுது பார்ப்பதில் கடினமான பகுதி, ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதே. மொட்டைமாடியில் வெடிப்பு ஒரு மூலையிலும் கூடத்தில் ஈரம் இன்னொரு மூலையிலும் தெரிவதுபோல, இங்கும் நீர் நுழைவது ஓரிடம், சொட்டுவது வேறிடம். அனுபவஸ்தர்கள் முதலில் உள்ளே தேங்கிய நீரை நாக்கில் தொட்டுப் பார்க்கிறார்கள். உப்புக் கரித்தால் கடல்நீர். இல்லையென்றால் மழைநீரோ, குடிநீர்த் தொட்டியின் கசிவோ. அடுத்து உள்ளே ஒருவர் டார்ச்சுடன் உட்கார, வெளியே மற்றவர் குழாயில் நீர் விடுவார். கீழ்ப்பகுதியில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிறுத்தி, மெல்ல மேலே போக வேண்டும். எடுத்தவுடன் மேலிருந்து நீர் விட்டால் எல்லா இடமும் நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் டேப் ஒட்டி அடைத்துவிட்டு, ஒரு ப்ளோயரால் அறைக்குள் காற்றைச் செலுத்துகிறார்கள். வெளியே தளம் முழுதும் சோப்பு நீர் தெளித்தால், ஒழுகும் இடங்களில் எல்லாம் குமிழி கிளம்பும். ஊறிய பால்சாவைக் காது காட்டிக்கொடுக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தளம் ‘டக் டக்’ என்று கணீரென ஒலிக்கும். கெட்டுப்போன இடம் மந்தமாகப் பதில் சொல்லும்.

இடம் தெரிந்த பிறகு பலரும் செய்வது, போல்ட்டைச் சுற்றி ஒரு வரி சிலிக்கான் பூசிவிடுவது. அதைச் செய்யவே கூடாது. பூச்சு சீக்கிரம் விட்டுப்போகும். அதன் படலத்தின் மேல் பிறகு எந்தப் பசையும் வண்ணமும் ஒட்டாது. உள்ளே சிக்கிய நீரும் வெளியேற வழியின்றி மரத்தை அழுகச் செய்யும்.

சரியான வேலைக்குப் பொறுமை வேண்டும். பொருத்தியதை முழுதாகக் கழற்ற வேண்டும். போல்ட்டைவிடப் பெரிய அளவில் துளையிட்டு, அதைச் சுற்றியுள்ள பால்சாவை வளைத்த ஆணியைக் கொண்டு சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிட வேண்டும். துளையின் அடியில் டேப் ஒட்டி, முதலில் நீர்த்த எபாக்ஸியைத் தடவி மரத்துக்குள் ஊறவிட வேண்டும். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் துளையை நிரப்ப வேண்டும். அது இறுகியதும் அதன் நடுவே புதிய துளை. இனி எப்போதாவது சீலன்ட் விட்டுப்போனாலும் நீர் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. எபாக்ஸி கலக்கும்போது கையுறையும், ஃபைபரைத் தேய்க்கும்போது முகமூடியும் கட்டாயம்.

திரும்பப் பொருத்தும்போது துளையின் மேல்விளிம்பைச் சற்றுச் சரிவாகச் செதுக்கினால், சீலன்ட் அங்கே வளையம்போல் தங்கும். பலர் விரும்புவது பியூட்டைல் டேப். அது காய்ந்து இறுகிவிடாது. நட்டை மட்டும் திருக வேண்டும். போல்ட்டைத் திருகினால் அடைப்பு அறுந்துபோகும். சில நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவது நல்லது. தளம் பெரிய அளவில் ஊறியிருந்தால் இந்த வைத்தியம் போதாது. மேல்தோலை அறுத்தெடுத்து, கூழைச் சுரண்டி, புதிய பால்சா பதித்து மூட வேண்டும். அதற்கும் எபாக்ஸிதான் வேண்டும். இறுகிப்போன பழைய ஃபைபர்மேல் சாதாரண பாலியஸ்டர் ரெசின் அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது.

ஒழுகல்களில் உயிருக்கு ஆபத்தானது செயின்ப்ளேட் அருகே வருவது. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் அந்தத் தகட்டில்தான் கட்டப்படுகின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருக்க ஆக்சிஜன் வேண்டும். தளத்தின் இடுக்கில் ஈரத்தோடு மூடிக் கிடந்தால் அந்தத் தகடு வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளே அரித்துப்போகும். பலத்த காற்றில் அது முறிந்தால் பாய்மரமே சாயும்.

நீர்மட்டத்துக்குக் கீழே துளைகள் குறைவு, ஆனால் ஒன்று போனால் அவகாசமே இருக்காது. இரண்டடி ஆழத்தில் ஒன்றரை அங்குலக் குழாய் கழன்றால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே கொட்டும். அங்குள்ள வால்வுகள் வெண்கலத்தில் இருக்க வேண்டும். கடல்நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை உறிஞ்சி அதை நொறுங்க வைத்துவிடும். எஞ்சின் தண்டு வெளியேறும் இடத்தில் பழைய முறைத் திணிப்பு இருந்தால், தண்டு சுழலும்போது சில சொட்டு விழுவது இயல்பு. அதை முற்றிலும் இறுக்கினால் சூடேறித் தண்டு தேயும்.

இவ்வளவு பாடுபடத் தகுந்தவைதானா இந்தப் படகுகள்? ஜேம்ஸ் பால்ட்வின் என்ற அமெரிக்கர் ‘ஆட்டம்’ என்ற டிரைட்டனில் இரண்டு முறை உலகைச் சுற்றியிருக்கிறார். 1988-க்கு முன் வடிவமைத்த படகுகளை மட்டுமே அனுமதிக்கும் கோல்டன் குளோப் போட்டியில், இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி ரஸ்ட்லர் 36 வகை ஃபைபர் படகில் தனியாக உலகைச் சுற்றி, 2023 ஏப்ரலில் இரண்டாம் இடம் பிடித்தார்.

எனவே பழைய படகு வாங்கப் போகிறவர்கள் வண்ணப் பளபளப்பில் மயங்க வேண்டாம். தளம் முழுதும் தட்டிப் பாருங்கள். ஒரு செயின்ப்ளேட்டையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.