மணிமுத்தாற்று மீன் யாருக்கு?

ஆற்று மீன் அழிந்தால் பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் சீமான்கள் கவலைப்படட்டும், பாட்டாளிக்கு என்ன வந்தது என்று நம் தோழர்களிலே சிலர் எண்ணக்கூடும். ஆட்டுக்கறி விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவன் வீட்டிலே குழம்பு மணப்பது கெண்டையாலும் கெளுத்தியாலும் அல்லவா? அவை ஒழிந்தால் பறிபோவது யாருடைய கவளம்?

சேர்வராயன் மலையிலே பெய்யும் மழைதான் திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் இறங்கிக் காவிரியைச் சேர்கிறது; வடபுறத்திலே வாணியாறாகிப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போகிறது. ஏற்காட்டு ஏரி நிரம்பி வழிந்தால் கிளியூர் அருவி. படகிலே சுற்றிப் படம் எடுப்போருக்கு அது காட்சி; மலையிலே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஓடை என்பது வாழ்வு.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 19ஆம் நூற்றாண்டிலே இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பியின்மேல் நமக்குப் பகை இல்லை. அதைப் பறிக்கும் கைகள் நம்முடைய கைகள். ஆனால் பழத்தின் தோலை உரித்து, கொட்டைமேல் உள்ள கொழகொழப்பை ஊறவைத்துக் கழுவிவிடுகிற தண்ணீர் இருக்கிறதே, அதை அப்படியே ஓடையிலே விட்டால் அதிலுள்ள சர்க்கரை புளித்து, நீரிலே கரைந்திருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். அறுவடை மும்முரமாகும் மார்கழி, தை மாதங்களிலே ஓடையின் ஓட்டமும் குறையத் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்! குழி வெட்டித் தேக்கி, சுண்ணாம்பு இட்டுத் தெளியவைத்தால் கேடு பெரும்பாலும் குறையும். தோட்ட முதலாளிகளால் ஆகாத காரியமா இது?

தோட்டா வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்க வெள்ளைக்காரன் 1897லேயே சட்டம் போட்டான். தோட்டா வெடித்தால் மிதந்து வருவது கொஞ்சம். அடியிலே அழுகுவது அதிகம். முட்டையும் குஞ்சும் கூடவே நாசம். இதைச் செய்கிறவன் நம்மவனாயிருந்தாலும் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியது நம் கடமை.

மலையை விட்டு இறங்கிய மணிமுத்தாறு சேலத்திலே படும் பாட்டைச் சொல்லவே நா கூசுகிறது. நகரத்துச் சாக்கடையும் சாயக்கழிவும் ஜவ்வரிசி ஆலைத் தண்ணீரும் கலந்து, நஞ்சை இடையாற்றிலே காவிரியோடு சேர்கிறது.

காவிரியின் கதை வேறு. 1934லே எழுந்த மேட்டூர் அணை தஞ்சைக்குச் சோறு போட்டது; அதை நாம் மறக்கவில்லை. ஆனால் முட்டையிடக் கடலிலிருந்து ஏறிவந்த உல்லம் மீனுக்கு வழி அடைபட்டது. பொம்மீனின் திமில் பருத்த காவிரி இனம், அற்றுப்போகும் விளிம்பிலே நிற்பதாக 2018லே உலகப் பட்டியலிலே ஏறிவிட்டது. நாட்டுக்கெண்டைக்குப் போட்டியாக 1952லே வெளியூரிலிருந்து வந்த ஜிலேபி எங்கும் பெருகிக் கிடக்கிறது. 2000ஆம் ஆண்டிலே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியோ தடைக்குப் பிறகும் குட்டைகளிலே கொழுத்தது. லாபம் பார்க்கிறவனுக்குத் தடை ஒரு பொருட்டா?

மனம் வைத்தால் மாற்றம் வரும் என்பதற்குச் சேலத்திலேயே சான்று உண்டு. சேர்வராயன் அடிவாரத்து மழைநீரை வாங்கும் கன்னங்குறிச்சி மூக்கனேரி, 58 ஏக்கர், குப்பையும் முள்ளுமாய்க் கிடந்தது. 2010லே ஊர் மக்கள் பணம் திரட்டித் தூர்வாரி, அள்ளிய மண்ணையே திட்டுகளாக்கி மரம் நட்டார்கள். தண்ணீர் நின்றது, பறவை திரும்பியது. மீன் இல்லாத ஏரிக்கு நாரை ஏன் வரப்போகிறது?

இனி, மீன்பாசி ஏலத்துக்கு வருவோம். அதிகத் தொகை கேட்டவன் ஏரியை எடுக்கிறான். அவனுக்குத் தெரிந்தது குத்தகை முடியும் தேதி. அதற்குள் சிறுகண் வலை போட்டு, தண்ணீரை வடித்து, குஞ்சு வரைக்கும் அரித்துவிட்டுப் போகிறான். அடுத்த மழைக்கு விதைமீன் எங்கே? வலை வீசும் தொழிலாளிக்கோ அன்றாடக் கூலி. ஏரியை மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் நீண்ட காலத்துக்குக் கொடுத்தால், நாளைக்கும் வலை வீசப்போகிறவன் இன்றைக்குக் குஞ்சை விட்டுவைப்பான். சினைமீன் ஏறும் புதுவெள்ளத்துக்கு வலையை ஒதுக்கிவைப்பான்.

மே 1ஆம் நாள் கொடியேற்றிவிட்டுக் கலைந்துபோகும் தோழர்களே, அன்றைக்குத்தான் கிராம சபையும் கூடுகிறது. உங்கள் ஊர் ஏரி யார் பேரிலே, எத்தனை ஆண்டுக்கு, என்ன தொகைக்குப் போயிருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். அடுத்த ஏலத்துக்கு முன்னே கூட்டுறவுச் சங்கத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்ற தீர்மானத்தை எழுத்திலே வாங்கிக்கொண்டு வாருங்கள்.