ஐந்து லட்சமும் பதினெட்டு வயதும்

9.1. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ரா கடலடியில் பூமி அதிர்ந்த அளவு அது. அந்த அதிர்வு கிளப்பிய அலை தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேரைக் கொண்டுபோனது. நாகப்பட்டினத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். நம் குன்றத்தூருக்குக் கடல் இல்லை. ஆனாலும் அன்று நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் கோவளமும் மாமல்லபுரமும் இருந்தன. மாவட்டத்தின் சாவு சுமார் 130.

இறந்தவர்களில் யார் அதிகம்? கடலூரில் 391 பெண்கள், 146 ஆண்கள். நாகையில் 2,406 பெண்கள், 1,883 ஆண்கள். 2005 மார்ச்சில் ஆக்ஸ்பாம் வெளியிட்ட கணக்கு இது. அம்மா போன வீட்டில் அடுப்பும் தம்பி தங்கையும் மூத்த மகளின் பொறுப்பாயின. மனைவியை இழந்தவர்களுக்குச் சிறுவயதுப் பெண்களைக் கட்டிவைக்கும் பேச்சும் சீக்கிரமே எழுந்தது.

பணம் வராமல் இல்லை. இறந்தவர் ஒருவருக்கு மாநில அரசு 1 லட்சம், பிரதமர் நிவாரண நிதி 1 லட்சம். வீடொன்றுக்கு 1.5 லட்சம் ரூபாய், 300 சதுர அடிக்குச் சற்றுமேல் பரப்பு. உரிமையைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதச் சொன்னது 2005ன் அரசாணை; நல்ல முடிவு அது. உலக வங்கி தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது.

இந்தப் பணத்தை ஒரு பெண்பிள்ளையின் வயதோடு வைத்துப் பாருங்கள். அலையன்று 8 வயது என்றால் பதினெட்டு ஆவது 2014ல். இடையே 120 மாதங்கள். 2 லட்சத்தை அப்படியே பிரித்தால் மாதம் 1,667 ரூபாய். அதில் கடன் அடைக்க வேண்டும், வலை வாங்க வேண்டும், தம்பியும் சாப்பிட வேண்டும். உதவி முதல் இரண்டு ஆண்டுகளில் குவிகிறது. அவள் வயதுக்கு வந்து, பள்ளியை நிறுத்துவதா தொடர்வதா என்று வீட்டில் பேச்சு எழுவது நாலைந்து ஆண்டு கழித்து. அப்போது கையில் என்ன இருந்திருக்கும்?

சென்னைக் கரையோரக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கிடைத்த வீடு செம்மஞ்சேரியில். பட்டினப்பாக்கத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். மீன் விற்ற அம்மாவுக்குத் தொழில் தூரமானது, மகளுக்குப் பள்ளி தூரமானது. வளர்ந்த பெண்ணைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப அஞ்சும் வீட்டில் அந்தத் தூரமே படிப்பை நிறுத்திவிடும். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது 2021 மே மாதத்தில்தான்.

இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகளுக்கு 2005ல் தமிழக அரசு 5 லட்சம் வைப்புத்தொகை போட்டது. பதினெட்டு வயதில் எடுக்கலாம். 2021ல் கொரோனாவில் பெற்றோரை இழந்தவர்களுக்கும் அதே 5 லட்சம். பதினாறு ஆண்டில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்தால்கூட 2021ல் அது 12.7 லட்சமாக இருந்திருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை அரசுக்கு மிச்சம் என்று சொல்ல முடியாது, பிள்ளைகளின் பங்கில் விழுந்த குறை இது.

ஆனால் 2021 ஒன்றைச் சரியாகச் செய்தது: உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய், 18 வயது வரை. 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் மாதம் 2,000 தருகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப்பெண் 1,000. தொகை சிறியதுதான், ஆனால் மாதாமாதம் வருகிறது. பாட்டியிடமோ சித்தியிடமோ வளரும் பெண்ணைப் பள்ளியில் நிறுத்திவைக்க, என் கணிப்பில், பூட்டிவைத்த வைப்புத்தொகையைவிட இதற்கே பலம் அதிகம். இரண்டும் வேண்டும், இரண்டும் விலைவாசியோடு ஏறவும் வேண்டும்.

2002ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் சென்னையை நிலநடுக்க மண்டலம் மூன்றுக்கு உயர்த்தியது. கட்டடங்களுக்கு விதி எழுதினோம். பெண்பிள்ளைக்குப் பத்தாண்டு மாத உதவி என்ற விதியையும் அடுத்த பேரிடருக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.

உங்கள் தெருவில் பெற்றோரில்லாமல் உறவினரிடம் வளரும் பிள்ளை இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தெரிவியுங்கள். கட்டணமில்லா எண் 1098.