மலைநாட்டுக் கோப்பியும் கித்துட்பாணியும்



கண்டியைச் சூழ்ந்த மலைகளில் முதலில் வளர்ந்த தோட்டப்பயிர் எதுவென்று என் மாணாக்கரைக் கேட்டால், தேயிலை என்றே விடை வரும். உண்மை அதுவன்று. கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியிலே 1820-களில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் அமைத்தார். அத்தகைய தோட்டங்களை நாடித் தமிழகத்து மக்கள் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே நடந்து, பலரை இடையிலே பறிகொடுத்து வந்தனர். 1869இல் காணப்பட்ட இலைத்துரு நோய் அப்பயிரை வீழ்த்தியது. பின்னரே தேயிலை மலையெங்கும் பரந்தது. எனினும் கோப்பிச் செடி வீட்டுத் தோட்டங்களில் இன்றும் நிற்கிறது.

அதன் பயனை இனிப்போடு துய்க்கும் முறையைக் கூறுவேன். எஸ்பிரெஸோ என்னும் இத்தாலியக் கோப்பி, ஏறக்குறைய ஒன்பது வளிமண்டல அழுத்தத்தில் வெந்நீரைத் தூளினூடே செலுத்தி வடிப்பது. அவ்வியந்திரம் இல்லாதார் வருந்தவேண்டா. புதிதாய் வறுத்து அரைத்த தூள் மூன்று மேசைக்கரண்டிக்குக் கொதியடங்கிய நீர் ஒரு சிறு கோப்பை ஊற்றி, நான்கு நிமிடம் மூடிவைத்து, துணியில் வடியுங்கள். தூளை நீரோடு கொதிக்கவிட்டாற் கைப்பு மிகும். வடிசாற்றிற் பாதியுடன் கித்துட்பாணி இரண்டு தேக்கரண்டியும் சூடான பாலும் சேர்த்துப் பருகலாம்.

எஞ்சிய பாதியைப் பலகாரமாக்கலாம். ஐந்து கிராம் கடற்பாசியை இரண்டு கோப்பை நீரில் முற்றாகக் கரையும்வரை காய்ச்சி, வடிசாறும் வேண்டுமளவு பாணியும் கலந்து தட்டிலே ஊற்றுங்கள். ஆறும்போதே உறையும், குளிர்ப்பெட்டி தேவையில்லை. துண்டமிட்டுத் தேங்காய்ப்பால் வார்த்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறுங்கள். உண்ணும்போது, இம்மலைக்கு நடந்து வந்தோர் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.