கத்தி பிடிக்கப் பழகாத கை

ரண சிகிச்சை ஏட்டுக் கல்வியால் மட்டும் கைவருவதன்று. சாஸ்திரம் முழுதும் கற்றவனாயினும் கைப்பழக்கமில்லாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது சுசுருத சம்ஹிதையின் தீர்ப்பு. பூசணி, சுரை, வெள்ளரிக் காய்களில் கீறியும், தாமரைத் தண்டிலும் இறந்த பிராணிகளின் நாளங்களிலும் துளையிட்டும், துணியிலும் தோலிலும் தையலிட்டும் மாணாக்கர் பழக வேண்டுமென அந்நூல் விதித்தது. பின்னர், 1836இல் கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் மதுசூதன குப்தர் ஜாதிக் கட்டுப்பாட்டை மீறிப் பிரேதத்தை அறுத்துச் சோதித்ததும் இந்தக் கைக்கல்விக்காகவே அன்றோ?

இன்றோ, பெரிய ஆஸ்பத்திரிகளில் பயிலும் இளம் வைத்தியர் பலர், ஆசிரியர் அறுக்க, தாம் காயத்தின் விளிம்பை விலக்கிப் பிடித்து நிற்பதிலேயே காலத்தைக் கழிக்க நேர்கிறது. 2020இல் கொரோனா பரவியபோது அவசரமல்லாத அறுவைகள் ஒத்திவைக்கப்பட்டு, அந்தச் சிறு வாய்ப்பும் குறுகிற்று. இதற்கு மாறாக, நள்ளிரவில் துணையின்றி அவர்களைத் தனியே விடுவது அதனினும் பெருந்தவறாகும்.

இதனால் நஷ்டமடைபவர் யார்? பெரம்பலூர் ஜில்லா எறையூர்ச் சர்க்கரை ஆலையில் ஒரு தொழிலாளியின் கை யந்திரத்தில் சிக்கினால், அவரைக் காக்கப் பட்டணத்து நிபுணர் ஓடிவரப் போவதில்லை. அன்றிரவு முறையிலிருக்கும் இளைஞரின் கையே அவருக்குக் கதி. 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியதே. எனினும், கட்டடம் வைத்தியனை உண்டாக்கிவிடாது.

ஏழையின் உடலா பயிற்சிக் களம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. முதலில் மாதிரிகளில் பழக்கம். பிறகு ஆசிரியர் அருகிலிருக்க அறுவையில் ஒரு பகுதி. முடிவில் முழு அறுவை என்பதே முறை. நோயாளிக்கு அதை அறிவித்து அவர் சம்மதம் பெறுதல் வேண்டும். பணம் கொடுப்போருக்கும் இல்லாதாருக்கும் ஒரே விதியே இருத்தல் வேண்டும்.

மேற்படிப்பு மாணவர் 3 மாதம் ஜில்லா ஆஸ்பத்திரியில் பணிபுரிய வேண்டுமென்ற விதி 2020இல் வந்தது. அந்த மாதங்கள் வெறும் ஆள்நிரப்பலாகக் கழியலாகாது. பார்த்தவை, உதவியவை, மேற்பார்வையில் செய்தவை, தாமே செய்தவை எனப் பிரித்துக் கணக்கெழுதி, ஆசிரியர் கையொப்பமிட வேண்டும். அக்கணக்கைப் பரீக்ஷகர்கள் கேட்க வேண்டும். பொதுஜன ஊழியர்கள் தத்தம் ஜில்லாக்களில் இதனை வற்புறுத்துவார்களாக!