இருமுறை அறுந்த சங்கிலி

நம் சங்கம் நடத்திய விழாக்களைப் பற்றி இப்பக்கங்களில் பன்முறை எழுதியிருக்கிறோம். வெற்றிகளையே எழுதுவது வழக்கம். இம்முறை, நாம் வேஷம் பூண்டு படுதோல்வியுற்ற ஒரு நாடகத்தை நினைவுகூர விரும்புகிறோம்.

1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். மாதுங்காவில் ஒரு வாடகை மண்டபம். எடுத்துக்கொண்ட நாடகமோ பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’. 1954-இல் சிவாஜி கணேசன் நடிக்க அது திரைப்படமாகவும் வந்தது. எனவே கதை யாவர்க்கும் தெரியும், ஒத்திகை மிகுதியாக வேண்டுவதில்லை என்று எண்ணினோம். முதற்பிழை அதுவே. படத்திற்கு வசனம் தீட்டியவர் மு. கருணாநிதி, நாம் அச்சிட்டு வைத்திருந்ததோ முதலியாரின் வசனம். மேடையில் அரசி நாடகத்தைப் பேச, மகன் திரைப்படத்தைப் பேசினான். வசனம் எடுத்துக்கொடுக்க நின்ற நண்பர் புத்தகத்தை மூடிவிட்டார்.

தாராவி, செம்பூர், மாதுங்கா என மூன்றிடங்களிலிருந்தும் நடிகர் வந்தனர். ஒருவர்க்கு இரவு வேலை, மற்றொருவர்க்கு பகல் வேலை. ஆறு வாரத்தில் ஒரு நாளேனும் அனைவரும் ஒருங்கே கூடியதில்லை.

அரங்கேற்றத்தன்று பெருமழை. புருஷோத்தம மன்னராக வேஷம் தரிக்க வேண்டியவர் செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறக் காத்து நின்றுவிட்டார். ஆறரை மணிக்கு உயரவேண்டிய திரை ஏழே முக்காலுக்கு உயர்ந்தது. காரியதரிசியே தாடியை ஒட்டிக்கொண்டு சிம்மாசனத்தில் அமர்ந்து, மடியில் மறைத்த நோட்டைப் பார்த்து ஆட்சி புரிந்தார். மூக்குக்கண்ணாடி அணிந்த சோழ மன்னரை மும்பை அன்று கண்டது!

புகழ்பெற்ற சங்கிலிக் காட்சி வந்தது. அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய சங்கிலி மழை ஈரத்தில் ஊறியிருந்தது. மனோகரன் சினம் கொள்வதற்கு முன்னரே அது அறுந்து அவன் காலடியில் வீழ்ந்தது. அவன் சற்றே திகைத்து, அதை எடுத்துத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டு, வசனம் முடிந்ததும் மீண்டும் ஒருமுறை அறுத்தான். சபையோர் சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. உண்மை மன்னர் நனைந்த உடையோடு வந்து சேர்ந்தபோது இராச்சியமே முடிந்திருந்தது.

அன்று பிழையின்றி நடித்தவன் ஒருவனே. மன்னர் வருகையை அறிவிக்கும் சேவகனாக வந்த பத்து வயதுச் சிறுவன். இரண்டே வரிகள், கணீரென்று முழங்கினான். அவன் கையிலிருந்த தாளைப் பின்னர் வாங்கிப் பார்த்தோம். தமிழ் வரிகள் தேவநாகரி எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. அவனுக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுத்துத் தெரியாது.

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. பணமும் மானமும் போயின, இனி நாடகமே வேண்டாம் என்று தீர்மானம் கொணரப்பட்டது. தாராவியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “நாடகத்தை விட்டுவிடலாம் ஐயா. அந்தப் பையனுக்கு வேறு எவ்வழியில் தமிழ் கொடுக்கப் போகிறோம்?” என்று வினவினார். விடையளிப்பார் இல்லை. தீர்மானம் கைவிடப்பட்டது.

சம்பந்த முதலியார் பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் தெலுங்கு நாடகம் கண்டு ஊக்கமுற்று, நண்பர் சிலரோடு சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியது 1891-இல். அப்போது அவர்க்கு வயது பதினெட்டு. அவரும் அவர்தம் தோழரும் நாடகத்தைப் பிழைப்பாகக் கொண்டவர் அல்லர். படிப்பும் உத்தியோகமும் உடையவர். முதலியார் பின்னாளில் நீதிபதியாகவும் விளங்கினார். ஆயினும் ஒத்திகையிலும் நேரந்தவறாமையிலும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. ஓய்வுநேரக் கலை என்பதால் அக்கறையும் குறையலாம் என்று நாமோ எண்ணியிருந்தோம்.

மறு ஆண்டு மழைக்காலம் கழிந்தபின், அரைமணி நேரச் சிறு நாடகம் ஒன்றையே எடுத்தோம். ஞாயிறுதோறும் ஒத்திகை, வாராதவர்க்கு வேஷமில்லை. ஒத்திகைக்கு முன் சிறுவர்க்கு ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து. அந்தச் சிறுவனுக்கு இம்முறை பன்னிரண்டு வரிகள். அவன் தாளைத் திரும்பவும் வாங்கிப் பார்த்தோம். கோணல்மாணலாக இருந்தாலும் அவை தமிழ் எழுத்துக்களே.

பெற்றோர்களே! உங்கள் சங்கத்தில் நாடகம் என்றால் பிள்ளைகளை அனுப்புங்கள். சங்கிலி முன்னதாகவே அறுந்தாலும் பாதகமில்லை.