சிப்பாயின் காலில் அட்டை

1818இல் இலங்கையின் ஊவாக் கிளர்ச்சியை அடக்க மலைக்காடுகளில் புகுந்த பிரித்தானியப் படையில், அட்டைக்கடியால் பலர் மாண்டார்கள் என்று எமர்சன் டெனன்ட் இலங்கையைப் பற்றி 1859இல் வெளியான தம் நூலில் எழுதுகிறார். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் மதராஸ் சிப்பாய்களும் சுமைகூலிகளும். அக்காலத்தில் இலங்கையில் பணியாற்றிய இராணுவ வைத்தியர்களான ஜோன் டேவி, ஹென்றி மார்ஷல் இருவரையும் அவர் சான்றுக்கு அழைக்கிறார். இன்றும் பதுளைத் தோட்டங்களில் மழைக்காலக் கொழுந்தெடுப்பில் காலேறும் அதே சிற்றுயிர் ஆளைக் கொல்லுமா? இரத்தக் கணக்குப் பார்த்தால், கொல்லாது. ஓர் அட்டை குடிப்பது ஒரு தேக்கரண்டியைத் தாண்டாது. வளர்ந்த மனிதனுக்குள் ஏறக்குறைய ஐந்து லீட்டர் ஓடுகிறது. நூறு கடி பட்டவன் துவண்டுபோவான், ஆனால் அதனால் மட்டும் சாகமாட்டான்.

கொன்றது கடிவாய் என்றே நான் கருதுகிறேன். அட்டை பின்முனையை இலையில் ஊன்றி, முன்முனையை நீட்டி அசைத்து, மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் தேடும். பற்றியதும் அதன் மூன்று தாடைகள் தோலைக் கீறும். வலி அநேகமாகத் தெரியாது. குளத்தில் வாழும் மருந்து அட்டையிடம் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதை 1884இல் ஜோன் ஹேக்ராஃப்ட் காட்டினார். ஹிருடின் என்பது அதற்குப் பின்னால் வந்த பெயர். குளத்து அட்டையின் குணத்தைக் காட்டு அட்டைக்கு ஏற்றலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் இந்தியக் காட்டட்டை ஒன்றிலும் ஹீமடின் என்ற புரதம் கிடைத்திருக்கிறது. அதுவும் உறைதலுக்கு வேண்டிய திராம்பினைத்தான் தடுக்கிறது. ஆகவே அட்டை விழுந்த பிறகும் இரத்தம் கசியும், பிறகு அரிக்கும். சேற்றிலும் ஈரத்திலும் நாள்கணக்கில் நடக்கும் கால்களைச் சொறிந்தால் கடிவாய் புண்ணாகும், புண் புரையோடும். காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் ஏற்கெனவே நலிந்தவனுக்கு அது போதும். மூடாத கால்களோடு நடந்தவர்களே அதிகம் வதைபட்டிருக்க வேண்டும். அவர்களுடைய மரணத்தை அட்டையின் கணக்கில் மட்டும் எழுதுவது, மூடாத கால்களோடு அவர்களை நடத்திச் சென்றவர்களைத் தப்பவிடுவதாகும்.

இரத்தத்தை உறையவிடாத அட்டையின் உமிழ்நீர் இன்று சத்திரசிகிச்சையில் உதவுகிறது. அறுந்து மீண்டும் ஒட்டிய விரலில் இரத்தம் தேங்கினால் வடியவைக்க மருந்து அட்டையை விடுகிறார்கள். அமெரிக்க அரசு 2004இல் அதற்கு அனுமதி அளித்தது. அங்கேகூட அட்டையின் குடலில் வாழும் பக்டீரியாவுக்கு அஞ்சி நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கிறார்கள். அதே அச்சம் தோட்டத்துக் கடிக்கும் பொருந்தும். தோட்டத்தில் உப்பும் சுண்ணாம்பும் தலைமுறையாக உதவவில்லையா என்று கேட்கலாம். ஏறவிடாமல் தடுக்க அவை நல்லவைதான். கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் போட்டால், அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். நகத்தை ஓரமாகச் செலுத்தி வாயை விடுவித்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுவதே பாதுகாப்பு. அதற்கு மலையில், கொழுந்தெடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருக்க வேண்டும்.