எடை குறைப்பு அறுவை சிகிச்சையா? முதல்ல ஒரு டைரி போடுங்க!

"கடைசியா எப்ப வாந்தி எடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்கிறார். "ஒரு வாரம் இருக்கும் சார்... இல்ல, பத்து நாளோ?" "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" "நல்லாத்தான் குடிக்கிறேன் சார்."

ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பதே சில நிமிடங்கள்தான். அதில் பாதி இப்படி யோசிப்பதிலேயே போய்விடும். இரண்டு நாள் காய்ச்சலுக்கு இது போதும். பேரியாட்ரிக் சர்ஜரி எனப்படும் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு 'நல்லாத்தான்' என்ற பதில் போதாது. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, குழாய் மாதிரி மிச்சம் வைப்பார்கள். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பை ஆக்கி, சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். எதுவானாலும் எடை இறங்குவது ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை நடக்கிற வேலை. சத்து மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. இவ்வளவையும் மனப்பாடமாக வைத்திருக்க யாராலும் முடியாது. அதனால்தான் டைரி.

எப்போது தொடங்கலாம்? ஆபரேஷன் தேதி குறித்த பிறகு அல்ல, யோசனை வந்த அன்றைக்கே. முதல் பக்கத்தில் 'எனக்கு இது ஏன் வேண்டும்' என்று எழுதுங்கள். டாக்டர் சொன்ன காரணம் வேண்டாம், உங்களுடையது வேண்டும். பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியவில்லை, பந்தியில் தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் தேவைப்படுகிறது, பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வருகிறது... எதுவாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். இந்தப் பக்கம் பிறகு தேவைப்படும்.

அடுத்து, இரண்டு வாரத்துக்கு என்ன சாப்பிடுகிறீர்களோ அதை நேரத்தோடு குறியுங்கள். டைரிக்காக நல்ல பிள்ளையாக மாற வேண்டாம். 'மாலை 4.30. டீ, 2 பஜ்ஜி. பசி இல்லை. ஆபீஸில் திட்டு.' இவ்வளவு போதும். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் முக்கியம். வயிற்றுப் பசி வேறு, மனசு கேட்கும் பசி வேறு. அறுவை சிகிச்சை இரைப்பையைச் சிறிதாக்கும், ஆபீஸ் திட்டை நிறுத்தாது. எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை தானாகத் தட்டுக்குப் போகிறது என்று முன்பே தெரிந்தால், டயட்டீஷியனிடமும் மனநல ஆலோசகரிடமும் பேச விஷயம் கிடைக்கும்.

எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சுகர், மூன்று மாத சுகரைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., போடுகிற மாத்திரைகளின் பெயரும் அளவும் எல்லாம் தேதியோடு இருக்கட்டும். குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதை மட்டும் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நாமே சொன்னால் 'எனக்குக் குறட்டையே கிடையாது' என்றுதான் வரும்!

இந்த டைரிக்கு இன்னொரு பயனும் உண்டு. தனியார் மருத்துவக் காப்பீட்டில் இந்தச் சிகிச்சையை ஏற்கப் பொதுவாகச் சில நிபந்தனைகள் இருக்கின்றன. டாக்டரின் பரிந்துரை வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பி.எம்.ஐ. 35 முதல் இருந்தால், இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, மருந்துக்கும் கட்டுப்படாத சர்க்கரை நோய் போன்றவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு, எளிய வழிகளில் எடையைக் குறைக்க முயன்றும் பலன் இல்லை என்றும் இருக்க வேண்டும். 'முயன்றேன்' என்று வாயால் சொல்வதைவிட, தேதி போட்ட எடைக் குறிப்பும் டயட்டீஷியனைப் பார்த்த சீட்டும் கையில் இருப்பது எவ்வளவோ மேல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், எந்த மருத்துவமனை, எந்தச் செலவு அடங்கும் என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முன்கூட்டியே கேளுங்கள். கிடைத்த பதிலையும் தேதியோடு எழுதுங்கள்.

ஆபரேஷன் முடிந்தபின் முதல் வேலை தண்ணீர்க் கணக்கு. ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடிக்கும் பழக்கம் இனி இல்லை, மடக்கு மடக்காகத்தான். எத்தனை மில்லி என்று குறித்தால்தான் மாலைக்குள் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். தெளிந்த நீர் ஆகாரம், பிறகு மோர், பருப்புத் தண்ணீர், பிறகு மசித்த உணவு, அதன்பின் திட உணவு என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். எந்த வாரம் எந்தப் படி என்பது உங்கள் மருத்துவமனை தரும் அட்டவணைப்படி. பக்கத்து வீட்டுக்காரர் அனுபவப்படி அல்ல.

புரதம் பொதுவாக நாளுக்கு 60 கிராமாவது தேவை என்பார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம் அளவுதான். எழுதிப் பார்க்கும்போதுதான் நம் காலைச் சாப்பாட்டில் புரதம் எவ்வளவு குறைச்சல் என்று உறைக்கும். மாத்திரைக்கும் நேரம் குறியுங்கள். இரும்புச் சத்தையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். சிகிச்சைக்குப் பிறகு சுகர் சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கலாம். பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வரலாம். நாமாக நிறுத்துவதும் ஆபத்து. சுகர் எண்களை நேரத்தோடு எழுதிக் காட்டினால்தான் டாக்டர் அளவை மாற்ற முடியும்.

வாந்தியை அலட்சியம் செய்யாதீர்கள். என்ன சாப்பிட்டு, எத்தனை நிமிடத்தில், எத்தனை முறை என்று எழுதுங்கள். தொடர்ந்து வாந்தி இருந்தால் பி1 சத்து வேகமாகக் குறையும். அது நரம்பையும் மூளையையும் பாதிக்கும். வாந்தியோடு கால் மரத்துப்போதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், குழப்பம் என்று வந்தால் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்காதீர்கள். காய்ச்சல், கடும் வயிற்று வலி, நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீக்கம் வந்தாலும் டைரியை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள்.

சில வாரங்களில் எடை முள் அசையாமல் நிற்கும். மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொட்டலாம், பெரும்பாலும் திரும்ப வளரும். அப்போது வீட்டில் ஒருவராவது "இதுக்கா வயித்தைக் கிழிச்ச?" என்று கேட்பார். அன்றைக்குத்தான் முதல் பக்கத்தைத் திறக்க வேண்டும். எடையை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் மனசுதான் கனக்கும். அதற்குப் பதில் மாதம் ஒரு முறை இடுப்புச் சுற்றளவையும், நிற்காமல் ஏறிய படிகளையும் எழுதுங்கள்.

பெண்கள் மாதவிடாய்த் தேதியைக் குறிப்பது நல்லது. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் முதல் 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

நோட்டா, போனா? எது கைக்கு வருமோ அது. போனில் குரல்வழித் தமிழ்த் தட்டச்சு இருக்கிறது, பேசினாலே எழுதிக்கொள்ளும். லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் படம் எடுத்து, 14 இலக்க ஆபா எண் வைத்திருந்தால் அதன் செயலியிலும் சேருங்கள். மெல்லிய தாளில் வரும் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். வீட்டில் எல்லாரும் எடுக்கிற போன் என்றால் குறிப்புக்குத் தனிப் பூட்டு போடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு உங்கள் எடை தெரிய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கூடவே ஒரு பக்கத்தில் ஆபரேஷன் வகை, தேதி, மருத்துவமனை, இப்போது போடும் மருந்துகள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து மூட்டுவலிக்கு வேறு டாக்டரிடம் போனாலும் அதை முதலில் காட்டுங்கள். சில வலி மாத்திரைகள் இந்தச் சிகிச்சை செய்தவர்களுக்கு, முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, புண்ணை உண்டாக்கும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்குவதும் வேண்டாம்.

பலர் எடை இறங்கியதும் ஓராண்டோடு டைரியையும் செக்கப்பையும் விட்டுவிடுகிறார்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி குறைவது பெரும்பாலும் அதற்கப்புறம், சத்தமில்லாமல்தான். ஆகவே தினக்குறிப்பை நிறுத்தினாலும், ஆண்டுப் பரிசோதனைத் தேதியை போன் காலண்டரில் அலாரத்தோடு போட்டு வையுங்கள். செக்கப்புக்கு முந்தின நாள் இரவு டைரியைப் புரட்டி, கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். இடையில் சந்தேகம் வந்தால், 24 மணி நேரமும் 104-ல் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். பேசும்போது டைரி பக்கத்தில் இருக்கட்டும்.